‘இந்த வீடே எனக்கு ஆகவில்லையோ, டாக்டர்?’

ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 38. கணக்கு எழுதும் வேலையை நான்கு வருடமாக வீட்டிலிருந்தே பார்க்கிறார். கணவர், ஒன்பது வயது மகனோடு மூன்றாவது மாடியில் வாடகை வீட்டில் இருக்கிறார். இரண்டு வருடமாகக் காலையில் கண் விழிக்கும்போதே மூக்கடைப்பு, தலைப் பாரம், வாய் வறட்சி. மதியத்துக்கு மேல் கண் எரிச்சல், கழுத்து வலி, அசதி. தலைவலிக்கு வாரத்தில் நாலைந்து நாள் மாத்திரை போடுகிறார். மகனுக்கு இரவில் வறட்டு இருமல். படுக்கையறையில் குளியலறையை ஒட்டிய சுவர் ஓதம் ஏறிக் கறுத்திருந்தது. வீட்டு உரிமையாளர் அதன் மேலேயே பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டார். தெருப் புழுதிக்குப் பயந்து ஜன்னல்கள் நாள் முழுக்கச் சாத்தியே இருக்கின்றன. இரவில் மூன்று பேரும் ஒரே அறையில், கதவை மூடி ஏசி போட்டுத் தூங்குகிறார்கள்.

நிவாரணம் தேடி அவர் நிறையச் செய்திருக்கிறார். காற்றைச் சுத்தப்படுத்தும் இயந்திரம் ஒன்றும் எட்டுத் தொட்டிச் செடிகளும் வாங்கினார். செடிகள் இரவில் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும் என்று கணவர் சொன்னதால், தினமும் மாலையில் அவற்றைத் தூக்கி வெளியே வைக்கிறார். சுவரின் வாடைக்கு ரூம் ஸ்பிரே, கொசுவுக்குச் சுருள். சென்ற மாதம் உறவினர் வீட்டில் பத்து நாள் தங்கியபோது எல்லாமே சரியாகிவிட்டதாம். ‘வீடுதான் காரணம் என்று நான் சொன்னால், எல்லாம் கற்பனை என்கிறார் கணவர். வீட்டைக் காலி செய்யட்டுமா, இன்னும் பெரிய இயந்திரம் வாங்கட்டுமா?’ என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, முதலில் உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. இது கற்பனை இல்லை. கட்டடத்துக்குள் இருக்கும்போது தலைவலி, மூக்கு, கண், தொண்டை எரிச்சல், சோர்வு வருவதும், வெளியே போனால் குறைவதும் 1980-களிலேயே உலக சுகாதார நிறுவனம் பதிவு செய்த விஷயம்தான். ஆனால் அந்தப் பதிவை வைத்துக்கொண்டு ‘வீடுதான் குற்றவாளி’ என்று தீர்ப்பு எழுதிவிடவும் முடியாது. அங்கேதான் நீங்கள் கொஞ்சம் அவசரப்படுகிறீர்கள்.

அந்தப் பத்து நாளைத் திரும்பப் பாருங்கள். உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘மூக்குக்கு ராத்திரி போடும் சொட்டு மருந்தை எடுத்துப் போக மறந்துவிட்டேன், முதல் அஞ்சு நாள் மூச்சே விட முடியவில்லை, அப்புறம் தானாகவே சரியாகிவிட்டது.’ முழுக் கடிதத்திலும் எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த வரிதான். இந்த மருந்தை எட்டு மாதமாக, மருந்துக் கடையில் நீங்களாகவே வாங்கி, தினமும் போட்டு வருவதாகவும் வேறோர் இடத்தில் சொல்லியிருக்கிறீர்கள்.

மூக்கை அடைப்பது மருந்தாகவே இருக்கலாம்

நீங்கள் குறிப்பிட்டிருக்கும் சைலோமெட்டாசோலின், அதன் உறவான ஆக்ஸிமெட்டாசோலின் எல்லாம் மூக்கின் உள்சவ்வில் உள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்கி வழி திறப்பவை. சில நிமிடத்தில் மூச்சு வந்துவிடும், அதனால் அருமையான மருந்து என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், இதைச் சளி பிடித்த ஐந்து நாளுக்கு, மிஞ்சிப் போனால் ஒரு வாரத்துக்கு மட்டுமே போட வேண்டும். அதற்கு மேல் போனால் மருந்தின் வேகம் இறங்கியதும் சவ்வு முன்பைவிட அதிகமாக வீங்கும். அந்த வீக்கத்துக்கு மறுபடி சொட்டு விடுவோம், மறுபடி வீங்கும். இப்படி மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். ஒவ்வொருவரும் தூசியையோ ஏசியையோதான் குறை சொல்வார்கள்.

மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு விடுவோம். வாய் வறளும், தூக்கம் கெடும், காலையில் தலை கனக்கும். நீங்கள் எழுதியிருக்கும் காலை நேரத் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த ஒரு சங்கிலியில் அடங்கிவிடுகிறது. ஆரம்பத்தில் மூக்கை அடைத்தது ஓதமோ தூசியோ கொண்டுவந்த அலர்ஜியாக இருந்திருக்கலாம். ஆனால் எட்டு மாதமாக அதைத் தொடர வைப்பது மருந்தாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நிறுத்துவதற்கு வழி உண்டு. காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலும் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே ஒன்றை ஆரம்பித்துக் கொடுத்துவிட்டு, சொட்டு மருந்தை நிறுத்தச் சொல்வார். ஒரேயடியாக நிறுத்த முடியாதவர்கள் முதலில் ஒரு துவாரத்தில் மட்டும் நிறுத்தி, அது திறந்த பிறகு அடுத்ததை நிறுத்துவதும் உண்டு. முதல் சில நாட்கள் மோசமாகத்தான் இருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலானவர்களுக்கு இளகிவிடும். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் பயந்துவிட வேண்டாம். மூக்கில் அடிப்பது உடம்புக்குள் சேரும் அளவு மிகக் குறைவு, மாத்திரையாக விழுங்குவதோடு அதை ஒப்பிடவே முடியாது. உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் உதவும். அதற்குக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர்தான், நேராகக் குழாய்த் தண்ணீர் கூடாது.

இதே கதைதான் தலைவலி மாத்திரையிலும். வாரத்துக்கு நாலைந்து நாள் என்றால் மாதத்துக்குக் கிட்டத்தட்ட இருபது நாள். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் கூடுதலாகப் போட்டு வந்தால் அந்த மாத்திரையே தலைவலியைத் தொடர வைக்கும். காஃபீன் போன்ற வேறு மருந்துகள் கலந்த கூட்டு மாத்திரைக்கு 10 நாளே போதும். உறவினர் வீட்டில் ‘ரெண்டு தரம்தான் மாத்திரை போட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வலி குறைந்ததால் மாத்திரை குறைந்ததா, மாத்திரை குறைந்ததால் வலி குறைந்ததா? இரண்டும் சேர்ந்திருக்கலாம். இதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே குறையுங்கள். விட்ட முதல் வாரத்தில் வலி கூடும். அதை முன்பே தெரிந்து வைத்திருப்பவர்தான் தாக்குப்பிடிக்கிறார்.

சரி, மருந்துகளைத் தவிர அந்தப் பத்து நாளில் வேறென்ன மாறியது? கணினி இல்லை. தினம் நடந்திருக்கிறீர்கள். ஜன்னல் திறந்த அறையில், சீக்கிரம் படுத்திருக்கிறீர்கள். வீடு மாறியது அத்தனை மாற்றங்களில் ஒன்று மட்டுமே. வேறு வீட்டுக்குப் போனாலும் சொட்டு மருந்தும் பத்து மணி நேர நாற்காலியும் கூடவே வரும்.

காற்று: ஆக்சிஜன் குறைவதில்லை, பழசாகிறது

‘மூன்று பேர் சாத்திய அறையில் படுத்தால் ஆக்சிஜன் தீர்ந்துபோகாதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். தீராது. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. சாத்திய படுக்கையறையில் விடியும்போது அது 2,000-ஐத் தாண்டுவது சாதாரணம், 3,000 வரைகூடப் போகும். 3,000 என்பது வெறும் 0.3 சதவீதம். 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜனில் குறைவதும் ஏறக்குறைய அதே அளவுதான். அதனால் மூச்சு முட்டாது.

பிறகு ஏன் கவலைப்பட வேண்டும்? அந்த எண் ஓர் அடையாளம். அறைக்குள் புதுக்காற்று வரவே இல்லை என்று அது காட்டுகிறது. ஒருவர் வெளியே விட்ட மூச்சை இன்னொருவர் இழுக்கிறார். ஈரம், வாடை, கிருமி, பொருட்களிலிருந்து கசியும் ரசாயன ஆவி எல்லாம் உள்ளேயே சேர்கின்றன. மாக்ஸ் வான் பெட்டன்கோஃபர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1858-லேயே, ஆட்கள் இருக்கும் அறையில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்கு 1,000 பங்குக்கு மேல் போகக் கூடாது என்றார். இன்றைக்கும் பலர் அந்த எண்ணைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

சுவரில் மாட்டும் ஏசிகளில் பெரும்பாலானவை வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை, இருக்கும் காற்றையே குளிரவைத்துச் சுற்றி விடுகின்றன. நீங்கள் வாங்கிய இயந்திரமும் அப்படித்தான். அதில் ஹெப்பா ஃபில்டர் இருந்தால் 0.3 மைக்ரான் அளவுத் துகளில்கூட 99.97 சதவீதத்தைப் பிடிக்கும், புழுதிக்கு நல்லது. ஆனால் கார்பன் டை ஆக்சைடையோ ஈரத்தையோ அது தொடாது. பெரியதாக வாங்கினாலும் இதே கதைதான். அதில் ஓசோன் பொத்தான் ஒன்று இருப்பதாகச் சொல்கிறீர்களே, அதை அணைத்துவிட்டு மறந்துவிடுங்கள். ஓசோன் வானத்தின் உயரத்தில் இருக்கும் வரைதான் நல்லது. அறைக்குள் அது மூச்சுக்குழாயை அரிக்கும் வாயு.

செடிகள் விஷயத்தில் நீங்கள் இருவருமே தவறு. தொட்டிச் செடி காற்றைச் சுத்தப்படுத்தும் என்ற நம்பிக்கை நாசா 1989-ல் வெளியிட்ட ஓர் ஆய்விலிருந்து பரவியது. அது சின்னஞ்சிறு அடைத்த பெட்டிகளில் செய்த சோதனை. அதற்குப் பின் வந்த பல ஆய்வுகளை 2019-ல் சேர்த்துப் பார்த்தபோது, சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வேண்டும் என்று வந்தது. அதே கணக்கில், எட்டுச் செடி இரவில் விடும் கார்பன் டை ஆக்சைடும் ஒரு பொருட்டில்லை. பக்கத்தில் தூங்கும் கணவர் அதைவிடப் பல மடங்கு விடுகிறார். அழகுக்காக வைத்துக்கொள்ளுங்கள், தினமும் தூக்கி முதுகை ஒடித்துக்கொள்ளாதீர்கள். தொட்டி மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் மட்டும் படுக்கையறையில் வேண்டாம்.

ஜன்னலைப் பற்றிய உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, வண்டிப் புகை நல்லதில்லைதான். அதற்காக நாள் முழுக்கச் சாத்த வேண்டியதில்லை. போக்குவரத்து அடங்கிய நேரம் பார்த்து, எதிரெதிர் ஜன்னல்களைப் பத்துப் பதினைந்து நிமிடம் திறந்தால் காற்று மாறிவிடும். காலையில் ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை. இரவில் படுக்கையறைக் கதவைத் திறந்து வையுங்கள், அல்லது தெருப்பக்கம் இல்லாத ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வையுங்கள். ஏசி ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள். சமைக்கும்போது புகைபோக்கி விசிறி ஓடட்டும், அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிடம் ஓடட்டும். கேஸ் அடுப்பு நைட்ரஜன் டை ஆக்சைடை விடும், வதக்குவதும் வறுப்பதும் நுண்துகளைக் கிளப்பும்.

வீட்டுக்குள் நீங்களே உண்டாக்கும் புகைதான் எனக்குப் பெரிய கவலை. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் விடுவதற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்தது. தெருப் புழுதிக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, உள்ளே, இருமும் பிள்ளையின் அருகில் இதைக் கொளுத்துகிறீர்கள். இன்றைக்கே நிறுத்திவிட்டுக் கொசுவலைக்கு மாறுங்கள். ரூம் ஸ்பிரேயும் வேண்டாம். எலுமிச்சை வாசனைக்குப் போடும் லிமோனீன் காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு என்ற எரிச்சலூட்டும் நச்சு வாயு உண்டாகும். உங்கள் வீட்டில் ஒரு இயந்திரம் ஓசோனைத் தந்திருக்கிறது, ஒரு டப்பா லிமோனீனைத் தந்திருக்கிறது. இரண்டையும் வாங்கியது நல்ல காற்றுக்காக!

அந்தச் சுவர்

வீட்டின் மேல் நீங்கள் சொல்லும் குற்றச்சாட்டுகளில் இதை மட்டும் நான் அப்படியே ஏற்கிறேன். ஓதமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் மூச்சுக்குழல் தொல்லையும் ஆஸ்துமாவும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. பெயின்ட் அதை மறைக்கும், கொல்லாது. குளியலறைக் குழாயோ தரை இணைப்போ எங்கோ கசிகிறது. தண்ணீர் நிற்காத வரை கறுப்பு திரும்பி வரும். கசிவை அடைத்து, சுவர் முழுக்கக் காய்ந்த பிறகுதான் பெயின்ட்.

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டருக்குள் அடங்கும் கறையை நீங்களே சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிக் காயவைக்கலாம். என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, மகனை வேறு அறைக்கு அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். பிளீச்சிங்கோடு கழிவறை ஆசிடைக் கலக்கவே கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளிப் போடுங்கள். ஈரத் துணியை அந்த அறையில் உலர்த்த வேண்டாம். எது நனைந்தாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பூஞ்சணம் பிடிக்காது.

ஈரம் குறைந்தால் இன்னொரு லாபமும் உண்டு. மெத்தையில் நம் உதிர்ந்த தோலைத் தின்று வாழும் தூசிப்பூச்சிக்குக் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் தாக்குப்பிடிக்க முடியாது. ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி வையுங்கள், நீங்கள் வாங்க வேண்டிய கருவி அது ஒன்றுதான். விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள்.

நாற்காலியும் திரையும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், உங்களுக்கே தெரிந்ததுதான். நிமிடத்துக்குப் பதினைந்து முறை போல இமைக்கும் கண், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. மதியத்துக் கண் எரிச்சல் அங்கிருந்து வருகிறது. ஏசிக் காற்று முகத்தில் நேராக அடிக்காதபடி உட்காருங்கள். மடிக்கணினியை உயர்த்தி வைத்து விசைப்பலகையைத் தனியாக மாட்டுங்கள், கழுத்து வலியும் மாலைத் தலைவலியும் பாதி குறையலாம். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து இரண்டு நிமிடம் நடங்கள்.

கண்ணாடி ஜன்னல் ஓரம் வெயில் படும்படி உட்காருவதால் வைட்டமின் டி பற்றிக் கவலையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தோலில் அதை உண்டாக்கும் புற ஊதாக் கதிரை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும். வெளியே போனால்தான் உண்டு. காலையில் அரை மணி நேரம் வெளியே நடப்பது தூக்கத்துக்கும் நல்லது. மேகமூட்டமான நாளில்கூட வெளியே 10,000 லக்ஸ் வரை வெளிச்சம் இருக்கும், வீட்டுக்குள் சில நூறு லக்ஸ்தான். இரவு எது, பகல் எது என்று உடம்புக்குப் புரிய அந்த வித்தியாசம் வேண்டும்.

எதை முதலில் செய்வது

மகனை இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் மட்டும் வரும் வறட்டு இருமல் ஆஸ்துமாவின் முதல் அடையாளமாக இருக்கலாம். சுவர் சரியாகட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது உங்கள் முறை. மூக்கு மருத்துவரோடு, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, கண் பவர் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். அசதிக்கு வீட்டைத் திட்டிக்கொண்டு ரத்தசோகையைக் கவனிக்காமல் விட்டவர்கள் உண்டு. நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று கணவர் ஒரு வாரம் கவனித்துச் சொல்லட்டும். கற்பனையா இல்லையா என்று வாதாடுவதைவிட அது உருப்படியான வேலை.

ஒரே ஒரு விஷயத்தில் அவகாசமே கிடையாது. குளியலறையில் கேஸ் வெந்நீர்க் கருவி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்து, வீட்டில் ஒருவருக்கு மேல் ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் அது கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். அதற்கு வாசனை இல்லை. உடனே எல்லோரும் வெளியே வந்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அதேபோல, திடீரென்று தாக்கும் கடும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பார்வை மங்குதல், கை கால் பலவீனம் எதற்கும் மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

வீட்டைக் காலி செய்வதா என்பதை ஆறு வாரம் தள்ளி வையுங்கள். அதற்குள் கசிவைச் சரிசெய்யச் சொல்லி உரிமையாளருக்குத் தேதி போட்டு, படத்தோடு எழுத்தில் கொடுங்கள். நேரில் பேசியதற்குச் சாட்சி இருக்காது. பழுதுபார்ப்பது யார் பொறுப்பு என்பது வாடகை ஒப்பந்தத்தையும் ஊர்ச் சட்டத்தையும் பொறுத்தது, ஒப்பந்தத்தை ஒரு முறை படித்துவிடுங்கள். வாடகையை நீங்களாகப் பிடித்துவைப்பது மட்டும் வேண்டாம். பல இடங்களில் அது உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

சொட்டு மருந்து நின்று, சுருள் நின்று, ஜன்னல் திறந்து, அதன் பிறகும் அந்த அறையில் மட்டும் மூக்கு அடைத்தால், கசிவும் அப்படியே இருந்தால், காலி செய்யுங்கள்; அப்போது நானும் அதைத்தான் சொல்வேன். புது வீடு பார்க்கும்போது எதிரெதிர் ஜன்னல் இருக்கிறதா, குளியலறைக்கு வெளிப்பக்கம் காற்றுப் போக வழி இருக்கிறதா என்று கவனியுங்கள். முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள்.